மூன்றாம் அங்கத்தில் குதிப்பவள்

கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. முப்பத்திரண்டு வருடத்தில், நல்ல துணியைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

"தோள்ல ஒரு கிழிசல், இடுப்புக்கிட்ட ஒண்ணு. முழங்கைல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கணும்க்கா. ஆனா ஒட்டு சரியாப் பொருந்தக் கூடாது" என்றாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். அதில் உடையின் படம் வரைந்து, கிழிசல்களுக்கு எண் போட்டிருந்தது.

"ஏம்மா, புத்தம் புதுத் துணி. எப்படி மனசு வரும்?"

"ஒண்ணாம் நம்பர் கிழிசல் வர்க்கம்க்கா. ரெண்டாம் நம்பர் பாலினம். மூணாவது ரெண்டும் சேர்ந்தது. அத மட்டும் கொஞ்சம் பெருசாக் கிழிங்க."

இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறையின் ஆய்வு மாணவி. அந்தத் துறை வருடாவருடம் கருத்தரங்கு நடத்தி, கடைசி நாள் எப்போதும் அதே ஒரு நாடகத்தைப் போடுமாம். இந்த வருடம் இவள்தான் அதில் வேலைக்காரி. பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. இரண்டரை அங்கம் வாய் திறக்காமல் பெருக்கித் துடைத்துவிட்டு, மூன்றாம் அங்கத்தின் முடிவில் மொட்டை மாடியிலிருந்து குதிக்க வேண்டும்.

"கீழ மெத்தை போடுவாங்கல்ல?"

"போடுவாங்க. போன வருஷம் குதிச்ச அக்காவுக்குக் கணுக்கால் போயிடுச்சு. அவங்க அதையே ஒரு கட்டுரையா எழுதிட்டாங்க. நல்ல கட்டுரை."

"யார் வீட்டு மாடி?"

"நாடகாசிரியரோட வீடுதான்க்கா. அவர் செத்ததும் வீட்டைத் துறைக்குக் குடுத்துட்டாங்க. இப்ப துறையே அங்கதான். அந்த வேலைக்காரி நிஜமாவே அங்க வேலை பார்த்தவ, நிஜமாவே குதிச்சவ. அவரோட டைரி எல்லாம்கூட அங்க இருக்கு."

நான் துணியை எடுத்துக் கிழித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அளவுக்கு மீறிப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வேலைக்காரி என் அம்மா. அவள் கிழிந்த உடை உடுத்தி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விட்ட நேரம் பார்த்து நல்ல மழை. எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் வாசலில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றேன். கடைசியில் சித்திதான் வந்தாள். "மாடிப்படில வழுக்கி விழுந்துட்டாளாம்" என்று அந்த வீட்டார் சொன்னதைச் சொன்னாள். இரண்டு வருடம் அம்மா வழுக்கி விழுந்தவளாகவே இருந்தாள். பிறகு நாடகம் வந்தது. ஊரே போய்ப் பார்த்து மூக்கைச் சிந்தியது. அன்றிலிருந்து அம்மா குதித்தவள் ஆகிவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதர் கண்ணால் பார்க்காமலா எழுதியிருப்பார் என்றார்கள். சித்தியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். நான் சோற்றுக்கு அடம் பிடித்தாலோ படிக்க மாட்டேன் என்றாலோ, "உன்ன விட்டுட்டுக் குதிச்சவடி அவ. உன்னக் கட்டிக்கிட்டு மாரடிக்கறவ நான்" என்பாள். அவளுக்கும் அக்காள் மேல் தீராத கோபம்.

வழுக்கினாள் என்றால் அது விபத்து. குதித்தாள் என்றால், பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை நிற்கிறது என்று தெரிந்தே குதித்தாள். ஐம்பது வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன். டைரி இருக்கிறது என்றால் அந்த ஒரு நாளின் தாளும் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் போதும் என்று கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

வீடு அப்படியே இருந்தது. உள்ளேதான் எல்லாம் மாறியிருந்தது. சமையலறைக் கதவில் 'வர்க்க அறை' என்று பலகை. படுக்கையறையில் 'பாலின அறை'. நாடகாசிரியர் எழுதிய அறையில் துறைத் தலைவர். பின்கட்டில், மொட்டை மாடியிலிருந்து கொல்லைக்கு இறங்கும் படிக்கட்டின் தலையிலும் காலிலும் கயிறு கட்டி, இரண்டிலும் ஒரே அறிவிப்பை மாட்டியிருந்தார்கள்: 'இப்படிக்கட்டு பனுவலில் இல்லை. பயன்படுத்த வேண்டாம்.' மாடிக்குப் போக உள்ளே புதிதாக வேறு படி கட்டியிருந்தார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பதினேழு படி. மேல் படிகளில் பாசி பிடித்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஈரத் துணியை உதறினாற்போல் சத்தம் கேட்டது. திரும்பினால் ஆள் இல்லை, துணிக் கொடியும் இல்லை.

டைரியைப் பார்க்க வேண்டும் என்றதும் நீட்டிய விண்ணப்பப் படிவத்தில் பெயர், முகவரி எதற்கும் இடமில்லை. 'உங்கள் கோட்பாடு' என்று ஒரே ஒரு கட்டம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 'தையல்' என்று எழுதிக் கொடுத்தேன்.

துறைத் தலைவர் அதை மூக்குக் கண்ணாடியோடு ஒருமுறை, கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை படித்தார்.

"தையல் கோட்பாடு. கேள்விப்பட்டிருக்கேன். ரொம்பப் புதுசு. நம்ம ஆளுங்க இன்னும் அந்த அளவுக்கு வரல."

"சார், நான் பழைய துணி தைக்கிறவ. அந்த நாடகத்துல வர வேலைக்காரியோட பொண்ணு."

அவர் கண்களை மூடிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

"எவ்வளவு அழகாச் சொன்னீங்க. ஒரு வகையில நாம எல்லாருமே அவளோட பொண்ணுங்கதான்ம்மா. நானும்கூட."

"இல்ல சார், நிஜமாவே என்னப் பெத்தவ."

"அதேதான். அவ நம்ம எல்லாரையும் பெத்துக்கிட்டே இருக்கா. இந்த வீடு முழுக்க அவதான் இருக்கா. அதனாலதான் நாங்க அவள எங்கயும் தேடறதில்ல." இரண்டு வாரத்துக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தையல் கோட்பாட்டாளர் என்று அதில் போட்டிருந்தது.

முதலில் சமையலறைக்குப் போனேன். அம்மா நின்று சமைத்த மேடை மேல் நோட்டுகள் அடுக்கியிருந்தன. வர்க்க அறைப் பேராசிரியர் தொண்டை கனமான மனிதர். கூட்டத்தில் பேசுகிறாற்போலத்தான் தனியாகவும் பேசுவார். டைரியை எடுத்துக் காட்டச் சொன்னேன்.

"எது முழு டைரி? டைரியப் பிரிச்சு இருபது வருஷம் ஆச்சு. வேலை வர தாளெல்லாம் எங்களுக்கு. கண்ணீர், உடம்பு, கல்யாணம் வர தாளெல்லாம் எதிர் அறைக்கு. வேலை பார்த்துக்கிட்டே அழுத தாள் இருபத்தாறு. அது வழக்குல இருக்கு."

அம்மா செத்த நாளின் தேதியைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அந்தத் தாள் தங்களிடம் இல்லை என்றார். அது கிடைத்தாலும் புதிதாக ஒன்றும் தெரிய வராது என்றார்.

"அவங்களுக்கு ஒரு குழந்தை இருந்துச்சு சார்" என்றேன்.

"குழந்தையா? நாடகத்துல இல்லையே. யோசிச்சுப் பாருங்க. குழந்தை இருந்திருந்தா அவ குதிச்சிருக்க மாட்டா. அவ குதிச்சா. ஆகவே குழந்தை இல்ல. தர்க்கம் ரொம்பச் சுலபம்."

நான் இல்லை என்று அவர் நிரூபித்தபோது, அவர் ஊற்றிக் கொடுத்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அதில் சர்க்கரை அதிகம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தத் தொட்டியும் குழாயும் பழையவை. கை தானாக அந்தக் குழாயை இடப்பக்கம் திருகியது. வலப்பக்கம் திருகினால் தண்ணீர் வராது என்று எனக்கு எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை.

எதிரே இருந்த பாலின அறையின் பேராசிரியர் அம்மாளுக்கு மெல்லிய குரல், மெல்லிய விரல். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் மகள் என்றதும் கண் கலங்கிவிட்டார்.

"எனக்கும் அப்படித்தான் தோணும். நான் அவளோட கூடப் பிறந்தவள்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன். அவ வாழ்க்கைல அவளாச் செஞ்ச ஒரே காரியம் அந்தக் குதி. மத்ததெல்லாம் மத்தவங்க சொல்லிச் செஞ்சது."

"ஒருவேளை வழுக்கி விழுந்திருந்தா?"

அவர் என் கையை விட்டுவிட்டார். "வன்முறையாப் பேசாதீங்க" என்றார்.

அவர்களிடமும் அந்தத் தேதியின் தாள் இல்லை.

அந்த வாரத்தின் நடுவில் துறைக் கூட்டம். கோட்பாட்டாளர் என்ற முறையில் எனக்கும் அழைப்பு. நின்று நின்று கால் கடுத்துப்போய் உள்ளே நுழைந்தேன். நீள மேசையைச் சுற்றி எல்லா நாற்காலியிலும் ஆள். கோடியில் ஒன்று மட்டும் காலி. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி ஒரு அமைதியை நான் சாவு வீட்டில்கூடக் கண்டதில்லை. அது பேசாதவளுக்கான நாற்காலியாம். முப்பது வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அதைக் காலியாக விட்டு, முதல் ஒரு நிமிடம் எல்லோரும் அதைப் பார்த்தபடி மௌனமாக இருப்பார்களாம். அந்த ஒரு நிமிடமும் என்னையே பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நாற்காலி முதுகைப் பார்த்தார்கள். எனக்கு இருமல் வந்தது. அடக்கினேன், முடியவில்லை. இருமினேன். ஒருவரும் அசையவில்லை. நிமிடம் முடிந்ததும் எழுத்தர் குறிப்பேட்டில் எழுதி உரக்க வாசித்தார்: "நாற்காலி வழக்கம்போல் காலியாக இருந்தது. அவள் பேசவில்லை."

"நான் இருக்கேன்ங்க" என்றேன்.

எவரும் திரும்பவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த பொருள், காலடி ஓசை. மழை பெய்யும் நாட்களில் நான்கு மணிக்குமேல் பின்கட்டுப் படியில் யாரோ ஓடி இறங்குகிற சத்தம் கேட்கிறதாம். பாதி இறங்குவதற்கு முன்பே நின்றுவிடுமாம். மாணவிகள் பயந்து அந்தப் பக்கம் போவதில்லை. துறை சென்ற வருடமே சுற்றறிக்கை விட்டிருந்தது: அதைப் பேய் என்று யாரும் சொல்லக் கூடாது, வரலாற்றின் எச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எச்சம் எந்த அறைக்குச் சொந்தம் என்பதில்தான் தகராறு.

"காலடி கனமா இருக்கு. சுமை தூக்கின கால். அது எங்களோடது" என்றார் வர்க்கப் பேராசிரியர்.

"வெறுங்கால் சத்தம். கொலுசு கழட்டின கால்னு மூணு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. எங்களோடது" என்றார் பேராசிரியர் அம்மாள்.

"அவங்க எதுக்கு ஓடறாங்கன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். நான் கேட்டது குறிப்பேட்டில் ஏறவில்லை. ஓசையை இரண்டாகப் பங்கிடத் துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஆவணங்களை எடுத்துக் கொடுக்கும் காப்பாளர் ஒருவர்தான் அந்த வீட்டில் என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டவர். இரண்டு அறையிலும் இல்லாத தாள் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டேன்.

"ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னது 'எஞ்சியவை'ல இருக்கும்மா. பின்கட்டுப் படிக்கு அடியில, பழைய விறகு ரூம். கோட்பாட்டுக்கு ஒத்து வராததெல்லாம் மூட்டை கட்டி அங்கதான் போட்டிருக்கு. பதிவுகூட கிடையாது."

"எப்படிங்க பிரிச்சாங்க? முழுசாப் படிச்சா?"

"எங்க படிக்கிறது? அவ்வளவு தாள். முதல் வரியப் பாப்பாங்க. அதுல துன்பம் இருந்தா எடுத்துப்பாங்க. இல்லன்னா மூட்டைதான்." சாவியைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "மழை வர மாதிரி இருக்கு. நான் வரலம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க."

படிக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது. எலிப் புழுக்கையும் நமுத்த காகித நாற்றமும். மூட்டையைப் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகத் தேதி பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் நல்ல காபி குடித்த நாள், பூனை குட்டி போட்ட நாள், சும்மா இருந்த நாள். மழை தொடங்கியது. நான் கையில் கடிகாரம் கட்டுவதில்லை. மணி தெரியவில்லை.

தலைக்கு மேலே கேட்டது. வெறுங்கால். வேகமாக ஒரு படி, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் நின்றது. உருள்கிற சத்தமோ அலறலோ இல்லை. வெறுமனே நின்றுவிட்டது. என் தலைக்கு நேர் மேலே அவள் நிற்கிறாள். நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "அம்மா" என்று கூப்பிட நினைத்தேன். ஐம்பது வருடம் கூப்பிடாத வாய், வரவில்லை. மழை விட்டபிறகு அடுத்த தாளை எடுத்தேன். அதில் அந்தத் தேதி இருந்தது.

'இன்று வேலைக்காரி மாடியில் துணி எடுக்கும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். அவள் மகள் பள்ளியில் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தாளாம். அடிப்பதா மெச்சுவதா என்று தெரியாமல் ஆசிரியை விழித்தாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது. மணி என்னங்க ஆச்சு என்று கேட்டாள். நாலு பத்து என்றேன். ஐயோ, பாப்பா நனைஞ்சுடுவா என்று கூடையோடு ஓடினாள். ஐந்தாம் படியில் வழுக்கியது. நான் போவதற்குள் முடிந்துவிட்டது.'

கீழே வேறு மையில், பிற்பாடு எழுதியிருந்தார்: 'இதை நாடகமாக்கலாம். ஆனால் வழுக்கல் மேடைக்குப் போதாது. குதிக்க வேண்டும். குழந்தையை எடுத்துவிட வேண்டும். சிரிப்பையும்.'

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அவள் என்னை விட்டுப் போகவில்லை. என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போலவும் இருந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

தாளைத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். இனியாவது நாடகத்தை மாற்றுவார்கள் என்று நினைத்தேன். நான் அவ்வளவு வெகுளி. அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

"நூத்துப்பதினாலு முனைவர் பட்டம் அந்தக் குதி மேல நிக்குதும்மா" என்றார் தலைவர். "வழுக்கி விழுந்தா அதுல அரசியல் எங்க இருக்கு? ஈரம்தான் இருக்கு."

"வேலை நேரத்துல ஒரு உழைக்கும் பெண் இவ்வளவு சிரிச்சிருக்க வாய்ப்பே இல்ல. சுரண்டல் நடந்த வீடு இது. தாள் போலி" என்றார் வர்க்கப் பேராசிரியர்.

பேராசிரியர் அம்மாள் தாளைத் தொடவே இல்லை. "மகளுக்காக ஓடினாள்னா, தாய்மைங்கற சிறைக்குள்ள ஓடினாள்னு ஆயிடும். நாங்க அவள விடுதலை பண்ணி முப்பது வருஷம் ஆச்சு. திரும்பவும் அவளப் பிடிச்சு அடைக்கச் சொல்றீங்களா?"

அந்த இரண்டு அறைகளும் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்ததாகக் காப்பாளர் பிறகு சொன்னார்.

தலைவர் யோசித்து, சமாதானமாக ஒரு முடிவுக்கு வந்தார். எஞ்சியவைக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாத தாள் துறையைப் பொறுத்தவரை இல்லாத தாள். "இல்லாத தாள நீங்க எடுத்துட்டுப் போறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஒரே ஒரு கையெழுத்து." தட்டச்சு செய்த ஒரு வரியை நீட்டினார்: 'ஆய்வின் முடிவில், அவள் குதித்தாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.'

போட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்து போடாவிட்டால் அந்தத் தாள் திரும்பவும் எலிக்குத்தான் போகும்.

வீட்டில் சித்திக்குப் படித்துக் காட்டினேன். எண்பது வயதில் பாதி காதுதான் கேட்கும். இரண்டாம் தடவை உரக்கப் படித்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தாள். "அவள என்னென்ன பேச்சுப் பேசியிருக்கேன். செத்தவளக்கூட விடாமத் திட்டியிருக்கேனேடி" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த ஆளுங்க இன்னும் வருஷா வருஷம் அவள மாடிலேர்ந்து தள்ளிக்கிட்டேதான் இருக்காங்களா?"



நாடகம் மதியம் மூன்று மணிக்கு. அந்த மாணவி உடையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். கொல்லையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் தலைவர், பேராசிரியர்கள், அவர்களுக்கு நடுவில் காலி நாற்காலி. சுவரோரம் மூன்று மெத்தை. காலையில் பெய்த தூறலில் மெத்தைகள் ஊறிப்போயிருந்தன. யாரும் அவற்றைத் திருப்பிக்கூடப் போடவில்லை.

இடுப்பில் ஊசி குத்தும்போது அந்தப் பெண்ணின் உடம்பு நடுங்குவது தெரிந்தது.

"பயமா இருக்காம்மா?"

"பயம்னு சொல்லக் கூடாதுக்கா. எதிர்ப்புன்னு சொல்லணும்" என்றாள். "நேத்து ஒத்திகைல மேல நின்னப்ப யாரோ பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

இரண்டு அங்கம் முடிந்தது. அவள் பெருக்கினாள், துடைத்தாள், திட்டு வாங்கினாள், அழுதாள். வாய் திறக்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் முடிவில் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றாள். என் கிழிசல் மூன்றும் காற்றில் படபடத்தன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கீழே பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். பின்னால் ஒரு அடி நகர்ந்தாள்.

முன்வரிசையில் சலசலப்பு. கனமான தொண்டை, "ம், ஆகட்டும்" என்றது. பேராசிரியர் அம்மாள் கைகளைக் கூம்பாக வாயில் வைத்து, மெல்லிய குரலில், அன்பாக, "குதிம்மா. குதி. குதிச்சாதான் உனக்குக் குரல்" என்றார். துறைத் தலைவரும் குனிந்து, "நேரமாச்சு, குதிச்சுடும்மா" என்றார்.

தூறல் மறுபடியும் விழத் தொடங்கியது. அவளுக்குப் பக்கத்தில் மாடியில் இன்னொருத்தி நிற்பதை நான் பார்த்தேனா, என் கண்ணில் தண்ணீரா, இன்றுவரை தெரியாது. என் கால்கள் தாமாக எழுந்து நின்றன.

"அம்மா" என்றேன். இந்த முறை வந்தது. கொல்லை முழுக்கக் கேட்டது. "மணி நாலு பத்துதான் ஆகுது. ஓடாத. நான் நனையல. பள்ளிக்கூட வாட்ச்மேன் என்ன உள்ள உக்கார வெச்சிருக்காரு. படி ஈரமா இருக்கு. கூடையக் கீழ வெச்சுட்டு, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வா."

எல்லோரும் திரும்பினார்கள். முதல்முறையாக என்னைத்தான் பார்த்தார்கள். தலைவர் எழுந்து, "அந்தப் படி பனுவல்ல இல்ல!" என்று கத்தினார்.

மேலே அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். நடந்து வந்து அறிவிப்பைத் தள்ளினாள். கயிற்றைத் தாண்டி முதல் படியில் காலை வைத்தாள். ஒரு கை சுவரில். இன்னொரு கையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் சற்று விலக்கி நீட்டியிருந்தாள். இரண்டாம் படி. மூன்று. நான்கு. ஐந்தாம் படியில் நின்றாள். நான் அசையாமல் நின்றேன். அவள் பாசியைப் பார்த்து, காலை ஊன்றி, ஆறாவது படிக்கு இறங்கினாள்.